நிரவல் பெட்டி

"ஒரு வீட்டு வத்தல் இன்னொரு வீட்டு வத்தலோட சேரக் கூடாது. அம்புட்டுத்தான் ரூல். இதுல என்ன விளங்கல உங்களுக்கு?"

நான் கத்திய கத்தலில் சமுதாயக்கூடத்துக்கு வெளியே கட்டிக் கிடந்த ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்குக் கொண்டாட்டம். சேதுலட்சுமி கத்துகிறாள் என்றால் சீரியலை அணைத்துவிட்டு வருவார்கள்.

"ஏத்தா சேது, காத்துல ஒரு வத்தல் பறந்து அடுத்த களத்துல விழுந்துருச்சுன்னா? அதையும் எடுத்து, நீ யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்கணுமா?" என்றார் பாண்டித்துரை. எனக்குச் சித்தப்பு முறை. மனுஷனுக்கு எப்போதும் நக்கல்தான்.

"கேளுங்க சித்தப்பு. பதில் சொல்லலைன்னா வாயில போட்டு மெல்லுங்க."

கூடமே அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, கடல் காற்று மட்டும் வந்துபோகிற, கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர் எங்களுடையது. மழையை நம்பிப் பள்ளத்தில் நெல், மேட்டில் குண்டு மிளகாய்; அது காய்ந்தால் வத்தல். நான் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீஸில் பல வருஷம் கஸ்டம்ஸ் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். ஊர்க்காரர்களைச் சேர்த்து ஓர் உழவர் கம்பெனி ஆரம்பித்தேன். தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதிக்காரரைப் பிடித்து, எங்கள் வத்தலை ஜெர்மனிக்கு அனுப்ப ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அந்த வருஷம் பார்த்து அங்கே விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு மூட்டையும் எந்த வீட்டில், எந்தக் காட்டில் விளைந்தது என்று சீட்டு இருக்க வேண்டும். அந்த ஊர்த் துறைமுகத்தில் எந்த மூட்டையை வேண்டுமானாலும் கிழித்துச் சோதிப்பார்கள். பூச்சிமருந்து துளி தென்பட்டாலும் கன்டெய்னர் மொத்தமும் போச்சு. தூத்துக்குடிக் கம்பெனியிலிருந்து வந்த வினோத்குமார் பையன் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டான்: "இந்த ஒரு கன்டெய்னர் பாஸாகட்டும் மேடம், வருஷா வருஷம் உங்க ஊருதான். ஃபெயிலாச்சுன்னா எங்க எம்.டி. இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டார்."

ஃபெயிலானால் பழையபடி மண்டிதான். மண்டியில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தரகரும் வியாபாரியும் கையைக் கோர்த்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரல்கள் பேசும். விளைய வைத்தவன் பக்கத்தில் நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பான். என் அய்யா அப்படி நின்றதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரை அந்தத் துண்டிடமிருந்து மீட்க வேண்டும், எனக்கு வேறு ஆசையே இல்லை.

அதனால் கத்தினேன். மருந்து அடிக்காதே, வேப்பங்கொட்டை இடித்துத் தெளி. கீழக்கரையிலிருந்து மீன் கழிவு வாங்கி வெல்லம் போட்டு ஊறவைத்து ஊற்று. தனித்தனியாகக் காயவை. தனித்தனியாகச் சாக்கில் பிடி. ஒரு வருஷம் தொண்டை தண்ணீர் வற்றக் கத்தினேன்.

கேட்காத ஒரே ஆள் என் அய்யா தர்மராஜ். "பூச்சி என்ன உன் ரூலைப் படிச்சுட்டா வருது? நான் மருந்து அடிப்பேன். என் காடு, என் பம்பு" என்றார். நான் அவரைக் கம்பெனியில் சேர்க்கவே இல்லை. பெற்ற தகப்பனையே சேர்க்காதவள் என்று ஊரில் எனக்குப் பேராகிவிட்டது. அவருக்கு அதில் ஒரு பெருமை. கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எம் மகடா, பெத்தவன்னுகூடப் பாக்க மாட்டா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கேட்டவர்களில் முதல் ஆள் முருகலட்சுமி அக்கா. அய்யாவின் அக்கா மகனைக் கட்டியவள். அந்த மச்சான் ஐப்பசியில், விதைப்புக்கு உழுதுவிட்டு வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அக்கா காட்டில் இறங்கிவிட்டாள். தனியாளாகக் களை எடுத்து முடியவில்லை, செடி பாதி புல்லுக்குள் கிடந்தது. ஆனாலும் நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் தப்பவிடவில்லை. வேப்பங்கொட்டை இடித்து இடித்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. "நீ சொன்னா சரியா இருக்கும் சேது" என்பாள். எனக்கு ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பங்குனியில் மூட்டை பிடிக்கிற வாரம் நான் சாக்கும் சீட்டும் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லா வீட்டிலும் வத்தல் மூட்டைக்குப் போகத் தயாராக இருந்தது. அக்கா வீட்டில் நான் நினைத்ததைவிட மூட்டை கூடுதலாக வந்தது. புல்லுக்குள்ளும் நன்றாகத்தான் காய்த்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வினோத்குமார் வந்து மூட்டை மூட்டையாகப் பார்த்து, "சூப்பர் மேடம்" என்றான். லாரி கிளம்பியபோது பாண்டித்துரை சித்தப்பு சூடம் கொளுத்திச் சுற்றினார். அய்யாவும் தூரத்தில் நின்று பார்த்தார். அன்றைக்கு எனக்கு இருந்த தெம்பை இனி ஒருநாளும் நான் பார்க்கப் போவதில்லை.

வைகாசிக் கடைசியில் வினோத்குமார் போன் செய்தான்.

"மேடம், ஃபெயில். ஒரு மூட்டையில மருந்து. கொஞ்ச நஞ்சமில்ல, நெறைய."

"யார் மூட்டை?"

சீட்டு எண்ணைச் சொன்னான். முருகலட்சுமி அக்காவின் மூட்டை.

செருப்புகூடப் போடாமல் போனேன். அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே கத்தினேன். மருந்து அடித்தாயா, ஏன் அடித்தாய், ஒரு ஊரையே கொன்றுவிட்டாயே, உன்னைப் போய் நம்பினேனே. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவள் கையிலிருந்த குழை கீழே விழுந்தது.

"எங்கிட்ட மருந்தடிக்கிற பம்பே இல்ல சேது. அவரு போன பெறகு அதை யாவாரிக்கிட்ட போட்டுட்டேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்கு முன்னாலேயேதான் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள்.

"அப்ப எப்படி உன் மூட்டையில மருந்து வந்துச்சு?"

அவள் யோசித்தாள். அவள் என்னை ஏமாற்றவில்லை, அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன்.

"நெரவல் போட்டாகல்ல" என்றாள்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பழக்கம் இது. எந்த வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்ததோ, அந்த வீட்டு வத்தல் குவியல் களத்தில் தாழ்ந்து நிற்கக் கூடாது. மூட்டை பிடிப்பதற்கு முந்தின சாயங்காலம், செத்தவரின் வேட்டியையோ சேலையையோ குவியலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, வீட்டுக்காரர்கள் போய்விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பொழுது அடைகிற நேரத்துக்கு ஊர்ச்சனம் ஆளுக்கொரு ஓலைப்பெட்டி வத்தல் கொண்டுவந்து அந்தத் துணியில் கொட்டும். விடிந்ததும் அதை அள்ளிக் குவியலோடு சேர்த்துவிடுவார்கள். யார் போட்டது என்று கேட்கவும் கூடாது, நான் போட்டேன் என்று சொல்லவும் கூடாது. இதற்கு நிரவல் என்று பெயர். யார் தொடங்கி வைத்தது என்று எவருக்கும் தெரியாது.

கலக்காதே, கலக்காதே என்று ஒரு வருஷம் கத்தினேனே, ஒருத்தருக்காவது இது கலப்பது என்று தோன்றியதா? தோன்றவில்லை. கலப்பது வியாபாரி செய்கிற வேலை. இது சாவு வீட்டுக்குச் செய்கிற முறை. பாழாய்ப்போன எனக்கே தோன்றவில்லை, அவர்களை என்ன சொல்ல?

கம்பெனியில் இருந்தவர்கள் போட்ட பெட்டியில் மருந்து இருக்க வழியில்லை. மருந்தடித்த காடு ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தேன். அய்யா வெந்நீரில் காலை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நெரவல் போட்டீகளா?"

"போட்டேன்னு சொல்லக் கூடாதுல்ல."

"அய்யா!"

"ரெண்டு பெட்டி போட்டேன். அவன் எங்கக்கா மகன்த்தா. தாய்மாமன் நான். கொள்ளிக்குடம் உடைச்சப்ப பக்கத்துல நின்ன கையி. வெறுங்கையோட போவேனா?"

"அதுல மருந்து இருக்குன்னு தெரியும்ல? எல்லாக் கூட்டத்துலயும் பின்னாடி உக்காந்து கேட்டீகல்ல?"

"நீ விக்கிற வத்தலப் பத்தியில்ல பேசுன. நான் குடுத்தது விக்கவா? செத்த வீட்டுக்குக் குடுக்குறதுல எவனாச்சும் சீட்டு ஒட்டுவானா?"

வெந்நீர்ச் சட்டியை எட்டி உதைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அய்யா நனைந்த தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஊருக்கே போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். என் அய்யா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கன்டெய்னரைத் திருப்பி அனுப்பவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. பாண்டித்துரை சித்தப்பு கேட்டார்: "அம்புட்டு வத்தலையும் எரிச்சா அந்த ஊர்க்காரன் இருமியிருப்பானாத்தா?" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வினோத்குமார் ஒரு வழி சொன்னான். தப்பு எப்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க ஊர் என்ன செய்தது என்று எழுதிக் கொடுத்தால் எம்.டி.யிடம் பேசிப் பார்க்கிறேன் என்றான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஊரைக் கூட்டினேன். இனிமேல் நிரவல் இல்லை என்றேன்.

எதிர்ப்பார்கள், சண்டை போடுவார்கள் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். யாரும் சண்டை போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சும்மா தலையாட்டிவிட்டுப் போய், சாவு விழுந்தால் இருட்டோடு இருட்டாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், இவர்களை எனக்குத் தெரியாதா? என் வாய்ச்சொல்லுக்கு இந்த ஊர் கட்டுப்படாது. யாருக்குக் கட்டுப்படும் என்பதும் எனக்குத் தெரியும்.

கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயிலுக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். சூடத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். எங்கள் பக்கம் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. பாண்டித்துரை சித்தப்பு முதலில் போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். முருகலட்சுமி அக்கா அணைத்துவிட்டு, சுட்ட கையை ஊதிக்கூடக் கொள்ளாமல் நின்றாள். கடைசியாக அய்யா வந்தார். "இனி எந்தச் சாவு வீட்டுக்கும் நெரவல் போட மாட்டேன்" என்று சத்தமாகச் சொல்லி அணைத்தார். என்னைப் பார்க்காமலே போனார்.

அதையெல்லாம் படம் பிடித்து, பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். போன் வந்தது.

"மேடம், நீங்க எழுதினதைப் படிச்சு எம்.டி.யே அசந்துட்டார். ஆனா வேற மாநிலத்துல ஒரு பெரிய பண்ணையோட போன வாரமே பேசி முடிச்சிட்டாங்க. ஒரே ஓனர், ஒரே காடு, கலக்கிறதுக்கு ஆளே கெடையாது. ஸாரி மேடம்."

நல்ல பையன். அவனைத் திட்டக்கூட முடியவில்லை. கம்பெனிக் கதவைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தாள்.

அடுத்த விதைப்புக்கு எல்லோரும் பழையபடி மருந்தடிக்க ஆரம்பித்தார்கள். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

தை மாதம், செடி பூத்துக் காய் பிடிக்கிற நேரம், அய்யா வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். இரண்டு வாரம் பேச்சில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். வெந்நீர்ச் சட்டியை உதைத்தவளுக்கு அவர் கடைசியாக என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. சேதுக்கரையில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து பார்த்தால், காட்டில் பாதிச் செடி சுருண்டு கிடந்தது. தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை. மிஞ்சியதைப் பறித்துக் காயப் போட்டோம். களத்தில் மற்றவர்கள் குவியலெல்லாம் இடுப்பளவு நின்றது. எங்களுடையது முழங்கால் அளவுகூட இல்லை.

மூட்டை பிடிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மா அய்யாவின் வேட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எதுக்கும்மா? யாரும் போட மாட்டாக."

"தெரியும். சும்மா விரிச்சு வக்கிறேன். ஊரு முறை."

விரித்து, காற்றில் பறக்காமல் நாலு முனையிலும் கல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாண்டித்துரை சித்தப்பு வீட்டுக்குப் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். வத்தலுக்காகக் கேட்கவில்லை. என் அய்யாவின் வேட்டி வெறுமனே கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"சித்தப்பு, அந்தச் சத்தியமெல்லாம் கம்பெனிக்காகத்தான் பண்ணுனது. கம்பெனியே இல்லாமப் போச்சு. அப்ப அதுவும் இல்லைன்னுதான அர்த்தம்?"

அவர் முகத்தில் நக்கல் இல்லை. எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார்.

"கம்பெனி பேரைச் சொல்லியாத்தா சூடம் அணைச்சோம்? கருப்பன் பேரைச் சொல்லியில்ல அணைச்சோம். உங்கய்யன் எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. எங் கை அரிக்குது, போடணும்னு. கருப்பங்கிட்ட யாரு போயி வாபஸ் வாங்குறது, சொல்லு."

விடிந்ததும் அம்மாவும் நானும் களத்துக்குப் போனோம். வேட்டி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வத்தல்கூட இல்லை. காற்று கொண்டுவந்த மண் கொஞ்சம் படிந்திருந்தது. களத்து ஓரத்தில், கருவேல மரத்தடியில் முருகலட்சுமி அக்கா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் நிறைந்த ஓலைப்பெட்டி.

"நேத்து அந்தில இருந்து இங்கனதான் நிக்கிறேன் சேது" என்றாள். "மாமா எனக்கு ரெண்டு பெட்டி போட்டாகளே. கொட்டப் போனா எம் பிள்ளைக முகம் முன்னாடி வந்து நிக்குது. சத்தியத்தை மீறுனா அதுகளுக்கு என்னமும் ஆயிருமோன்னு பயமா இருக்குடி." பெட்டியை இடுப்பிலிருந்து இறக்காமலே அழுதாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போதும் அந்தப் பெட்டியை எங்கள் பக்கம் சாய்ந்துவிடாமல் அவள் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வேட்டியை உதறி மடித்தாள்.

மறுநாள் ஊர் மூட்டைகளை ஒரே வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோனோம். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசி முடித்தன. பிறகு மண்டி ஆள் வந்து சாக்குகளைக் கிழித்தான். பாண்டித்துரை சித்தப்புவுடையதைக் கொட்டினான். அதன் மேலேயே முருகலட்சுமி அக்காவுடையதைக் கொட்டினான். அதன் மேலேயே எங்களுடையதையும் கொட்டி, காலால் தள்ளி ஒரே குவியலாக்கினான்.

"யாருது எதுன்னு பாக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா, தள்ளி நில்லுங்க" என்றான்.